காட்டின் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன் அக்கா அனைவருக்கும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, கடைசி நாற்காலி வரை இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். மனிதனை வெளிக்காட்டுவதும் மற்றவரோடு சேர்ப்பதும் அடக்கமா, அவனுக்குள் இருக்கும் காடா என்பது தலைப்பு. காடு என்று நான் சொல்வது, நமக்குள் அடக்கி வைத்திருக்கும் அழுகையை, ஆட்டத்தை, ஆசையை. நான் அந்தக் காட்டின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே "அடக்கம் அமரருள் உய்க்கும்" என்று வள்ளுவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் செந்தூலில் என் தாத்தா காலமானார். அடுக்குமாடி வீடு. கீழே கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, பெட்டியை நடுவில் வைத்திருந்தோம். பாட்டி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பெரிய மாமா குனிந்து அவர் காதில் சொன்னார்: "அம்மா, இது தோட்டம் இல்ல, பிளாட்டு. நாலு இனமும் இருக்காங்க. சத்தம் போட்டுடாதீங்க." பாட்டியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஒன்றரை மணி நேரம். வந்தவர்கள் பெட்டியைச் சுற்றினார்கள், அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், பாக்கெட் தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். யாரும் யாரோடும் சேரவில்லை. எதிரணி கேட்கும் அடக்கம் அங்கே குறையில்லாமல் இருந்தது.

அப்புறம் ஒரு டாக்சி வந்து நின்றது. ரப்பர் தோட்டத்தில் பாட்டியோடு ஒரே லயத்தில் இருந்து, ஒரே வெட்டுக்காட்டில் நெரை பிடித்துப் பால்மரம் வெட்டிய சிநேகிதி. செருப்பைக் கழற்றக்கூட இல்லை. "ஏ ஆத்தா..." என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். பாட்டியின் வாயிலிருந்த முந்தானை விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், நெற்றியோடு நெற்றி முட்டியது, உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர் அடுத்த வரியில் பிடித்துக்கொண்டார்.

அந்த ஒப்பாரியில் எல்லாம் வந்தது. விடியுமுன் எழுந்து நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போனது வந்தது. வெயில் ஏறினால் பால் ஓடாது, அதனால் இருட்டோடு போக வேண்டும். நாளுக்கு நானூறு, ஐந்நூறு மரம் வெட்டியது வந்தது. உளி கிழித்த கை வந்தது. அப்புறம், பிறந்து பதினோராம் நாள் செத்துப்போன ஒரு பிள்ளை வந்தது. நடுவர் ஐயா, அப்படி ஒரு பிள்ளை இருந்தது என் அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை போனும் கையுமாக, பத்திரம், வண்டி என்று ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வருஷம் அடக்கமாக இருந்து சொல்ல முடியாததை என் பாட்டி இருபது நிமிஷத்தில் சொன்னார்.

மாமா பயந்தாரே, அந்தப் பக்கத்து வீடு? எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி லிஃப்டிலிருந்து இறங்கி நேரே வந்தார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆறு வருஷமாக அவரும் நாங்களும் லிஃப்டில் தலையாட்டிக்கொண்டதோடு சரி. பாட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, முதுகை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டே இருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது.

இப்போது வள்ளுவரிடம் வருகிறேன். அண்ணன் சொன்ன குறள் 121. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால் "யாகாவார் ஆயினும் நாகாக்க" இருக்கிறது. இன்னும் இரண்டு தள்ளி "நாவினாற் சுட்ட வடு" இருக்கிறது. அங்கே வள்ளுவர் பயப்படுவது அடுத்தவனைச் சுடும் நாக்கை. அழாதே, ஆடாதே, ஆசையைச் சொல்லாதே என்று அந்த அதிகாரத்தில் எங்கேயாவது இருக்கிறதா? மாறாக, காமத்துப்பாலில் 1138-ஆம் குறளில் "மறையிறந்து மன்று படும்" என்கிறார். பாவம் இவள் என்று கூடப் பாராமல், மறைத்து வைத்ததைத் தாண்டிக்கொண்டு ஊர் கூடும் மன்றத்துக்கே வந்து நிற்குமாம் அவள் காதல். ஐயா, நாம் நிற்பதும் ஒரு மன்றம்தான். வள்ளுவரை அந்தப் பக்கமே முழுசாக எழுதிக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

அடுத்து அண்ணன் சொன்னது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. "காட்டுக்கு ஒழுங்கு கிடையாது, வல்லவன் வைத்ததே சட்டம்" என்றார். இங்கிருந்து அரை மணி, முக்கால் மணிப் பயணத்தில் கெப்போங் காட்டாராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு காலை நேரம் குடும்பத்தோடு போய், அங்கே கப்பூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பழங்காலத்தில் கற்பூரம் கொடுத்த மரம் அது. ஒவ்வொரு மரத்தின் உச்சியும் பக்கத்து மரத்தைத் தொடாமல் நின்றிருக்கும். இடையில் மெல்லிய கோடாக வானம், மேலே ஆற்றுப் படம் வரைந்த மாதிரி ஓடும். யாரும் கவாத்து செய்யவில்லை, அளந்து விடவில்லை. தன் போக்கில் வளர்ந்த மரம், பக்கத்து மரத்துக்கு வெளிச்சம் விட்டு நிற்கிறது.

அந்த இடத்தின் கதை இன்னும் பெரிது. நூறு வருஷத்துக்கு முன்னால் அது காடே இல்லை. ஈயம் தோண்டி, காய்கறி போட்டு, சத்தெல்லாம் போன நிலம். 1920-களில் கன்று நட ஆரம்பித்தார்கள். அப்புறம் காடு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. தோண்டித் தோண்டி மொட்டையாக்கிய நிலத்திலேயே காடு திரும்பி வரும் என்றால், வாரம் ஆறு நாள் "ஓகே பாஸ்" சொல்லிச் சொல்லி வறண்டுபோன நம் மனசுக்குள் வராதா?

"குடித்துவிட்டு ரகளை செய்கிறவனைத்தான் காடு என்கிறீர்களா?" என்று எதிரணி அக்கா கேட்டார். இல்லை அக்கா. அந்த ஆளை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது என்று சொல்லி வளர்த்தோம். ஆடினால் சிரித்தோம். பாடினால் படி என்றோம். எல்லாவற்றையும் முழுங்கக் கற்றுக்கொண்டவன், ஒரு நாள் பாட்டிலையும் சேர்த்து முழுங்குகிறான். அவனுக்குள் இருந்த காட்டுக்கு நாம் ஒரு வாசலும் வைக்கவில்லை. அவன் வீட்டில் அடி வாங்குகிற பெண்ணின் பக்கம்தான் நான் நிற்கிறேன். அதனால்தான் அவனுக்கு ஒரு வாசல் வேண்டும் என்கிறேன்.

வாசல் எப்படி இருக்கும் என்று கேட்டால் பத்துமலையைக் காட்டுவேன். 1892-லிருந்து அங்கே தைப்பூசம் நடக்கிறது. என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள், அதனால் திறப்பதையே விட்டுவிட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் காவடி எடுத்தான். பத்து ஆற்றங்கரையில் விடியற்காலை குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். உறுமி தொடங்கியது. நேர்க்குச்சி ஒரு பக்கம் தட்ட, வளைந்த குச்சி மறுபக்கத் தோலை உரச உரச, மாடு கத்துகிற மாதிரி ஒரு முனகல் எழும்புமே, அது வயிற்றில் வந்து விழும். முதலில் அவன் கால் கட்டைவிரல் துடித்தது. அப்புறம் முழங்கால். அப்புறம் அவன் வாயிலிருந்து "வேல்" என்று ஒரு சத்தம் வந்தது, திக்காமல், உடையாமல். என் அம்மா கூட்டத்தில் நின்றபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

272 படி. அவன் தனியாக ஏறவில்லை. கயிற்றை ஒருவன் பிடித்தான், தண்ணீரோடு ஒருவன் ஓடினான், முன்னால் ஒருவன் வழி விலக்கினான், எலுமிச்சம்பழத்தோடு ஒருவன் பின்னாலேயே வந்தான். உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமென்றால் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த நாலு பேரும் அவனோடு ஒரே கிடங்கில் வேலை செய்கிறவர்கள். அதற்கு முன்பு அவன் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதுகூடக் கிடையாது.

"48 நாள் விரதம் இருந்தானே, அது அடக்கம்தானே" என்று எதிரணி எழுதிக்கொள்வது தெரிகிறது. ஆமாம், இருந்தான். ஒப்புக்கொள்கிறேன். அந்த விரதம் காட்டுக்குள் போக அவன் வெட்டிய பாதை. பாதையை மட்டும் வெட்டிவிட்டு, உள்ளே போகாமல் வீட்டுக்குத் திரும்பச் சொல்கிறீர்கள் நீங்கள்.

இந்த ஆசை நமக்குப் புதிதும் இல்லை. சங்க காலத்து ஔவையார், "ஆறுவது சினம்" சொன்ன ஔவைக்குப் பல நூற்றாண்டு மூத்தவர், குறுந்தொகையின் 28-ஆம் பாட்டில் ஒரு பெண்ணைப் பேச வைக்கிறார். முட்டட்டுமா, தாக்கட்டுமா, "ஆஅ ஒல்" என்று கூவட்டுமா என்று கேட்கிறாள். காரணம் என்ன தெரியுமா? அவள் நோய் தெரியாமல் ஊர் தூங்குகிறது. "துஞ்சும் ஊர்." இந்தக் கோலாலம்பூரில் ராத்திரி ஒரு மணிக்கு அடுக்குமாடி ஜன்னலில் நின்று பாருங்கள். எத்தனை விளக்கு, எத்தனை கதவு, எத்தனை துஞ்சும் ஊர். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருத்தி அந்த "ஆஅ"வைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, காலையில் ரயிலுக்குப் போகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். என் பாட்டி அன்றைக்குப் பாடியதில் இரண்டு வரிதான் என் நினைவில் நின்றது.

"வெட்டுக்காட்டு மரமெல்லாம் விடியுமுன்னே எண்ணினியே
வீடு வந்து சேருமுன்னே விளக்கணைஞ்சு போனதென்ன"

மூன்றாவது வரி தெரியவில்லை. பாட்டியும் இப்போது இல்லை, அந்தச் சிநேகிதியும் இல்லை. முன்வரிசையில் தோட்டத்திலிருந்து வந்த அம்மாக்கள் சிலர் இருக்கிறீர்கள். நான் இந்த வரியைச் சொன்னபோது இரண்டு பேர் தலை அசைந்ததைப் பார்த்தேன். இறங்கி உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறேன். மிச்சத்தை எனக்குச் சொல்லிக் கொடுங்கள், அம்மா.