பீஸ் ரேட்டில் ஒரு விஞ்ஞானி

நேயர்களுக்கு வணக்கம்.

1898ஆம் ஆண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் ஓர் இளம்பெண் நுழைகிறார். வயது பத்தொன்பது. பெயர் டோரத்தியா பேட், வேல்ஸ்காரர். பறவைப் பிரிவில் வேலை வேண்டும் என்கிறார். யாரும் கூப்பிடவில்லை, கையில் பட்டமும் இல்லை. ஆனாலும் பறவைத் தோல்களை இனம் பிரித்து வைக்கும் வேலை கிடைத்துவிட்டது. சென்னையில் பழைய ஆட்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். டோரத்தியாவுக்கு நிஜமாகவே அதுதான் காலேஜ்.

சரி, சம்பளம்? பீஸ் ரேட்தான். தையல் கடையில் சட்டைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார்களே, அந்தக் கணக்கு. நிரந்தர விஞ்ஞானி வேலையெல்லாம் அப்போது அங்கே ஆண்களுக்குத்தான்.

1901இல் சைப்ரஸ் தீவுக்குப் போனார். அங்கே குகை குகையாகத் தேடித் தோண்டியதில், எப்போதோ அழிந்துபோன, பன்றி அளவே இருந்த நீர்யானையின் எலும்புகள் கிடைத்தன. அப்புறம் குட்டை யானை. தீவில் தீனி குறைவு, அடித்துத் தின்னும் பெரிய விலங்கும் இல்லை. தலைமுறை தலைமுறையாக உடம்பு சிறுத்துப்போகும்.

1909இல் ஸ்பெயினின் மயோர்கா தீவு. கிடைத்த எலும்புகள் ஆட்டு வகையைச் சேர்ந்தவை. ஆனால் கீழ்த்தாடையின் முன்பற்களைப் பார்த்தால் எலிப்பல்! தேயத் தேய வளரும் பல். அந்த விலங்குக்கு 'மயோட்ராகஸ்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் எலி ஆடு என்று பொருள். கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லும் பெயர். எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சம்பளக் கதை டோரத்தியாவோடு முடியவில்லை. அமெரிக்காவில் மேரி ரத்பன் என்றொருவர். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நண்டுகளை ஆராய்ந்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தவர். உதவிக்கு ஓர் ஆள் வைக்கப் பணமில்லை என்றானதும், 1914இல் தன் பதவியையே விட்டுக்கொடுத்து, அந்தச் சம்பளத்தில் உதவியாளரை வேலைக்கு எடுக்க வைத்தார். பிறகும் நண்டு ஆராய்ச்சியை விடவில்லை, காசில்லாமல் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். தியாகம் என்று இதைப் புகழ்வார்கள். எனக்கென்னவோ அந்த நிர்வாகத்தின் மேல் கோபம்தான் வருகிறது.

டோரத்தியாவுக்கு வருவோம். 1948இல், இங்கிலாந்தின் டிரிங் ஊரில் இருந்த, அதே லண்டன் அருங்காட்சியகத்தின் கிளைக்குப் பொறுப்பாளராக அவரை நியமித்தார்கள். வேலை கேட்டு உள்ளே நுழைந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது எழுபதை நெருங்கிவிட்டது. 1951 ஜனவரியில் காலமானார்.

வணக்கம்.