ஆதாரம் என்னும் சொல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தின் டிக்கோயாவிலே ஆதார வைத்தியசாலை (Base Hospital) இருக்கிறது. அந்த 'ஆதாரம்' என்ற சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 'ஆ' என்னும் முன்னொட்டோடு, தாங்குதல், பிடித்திருத்தல் என்று பொருள்படும் 'த்ரு' என்னும் வடமொழி வேர் சேர்ந்து பிறந்த சொல் இது. உயிர்களைத் தாங்குவதால் நிலம் தரணியாயிற்று. தர்மம் என்பதும் அவ்வேரின் கிளையே. 'தருதல்' என்னும் தமிழ் வினையோடு இதனை இணைப்போர் உளர். அது ஒலியொற்றுமையால் வந்த மயக்கம்.

ஆதரவு என்ற சொல்லை இதன் உடன்பிறப்பென்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது மதிப்பு, பரிவு என்று பொருள்படும் 'ஆதர' என்ற வேறொரு சொல்லின் வழி வந்தது. வடமொழியில் இரண்டுக்கும் தகர ஒலி வேறு. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சிங்களம் அந்த வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கிறது: அங்கே 'ஆதரய' என்றால் அன்பு, 'ஆதார' என்றால் உதவி. நம் ஆதார வைத்தியசாலையை அவர்கள் 'மூலிக' என்கிறார்கள். அது வேரைக் குறிக்கும் 'மூல' என்பதிலிருந்து வந்தது. ஒரே கட்டடத்தை ஒரு மொழி வேராகவும் மற்றது தாங்குவதாகவும் காண்கிறது.

தமிழில் இச்சொல் இன்னொரு வழியிலும் சென்றது. யோகநூல்கள் உடம்பில் ஆறு ஆதாரங்களை எண்ணி, அடியிலுள்ளதை மூலாதாரம் என்றன. பிழைப்புக்கு உதவுவது வாழ்வாதாரமாயிற்று. சொன்ன சொல்லைத் தாங்கி நிற்பது சான்று என்பதால், ஆதாரம் என்றாலே சான்று என்னும் பொருளும் வந்து சேர்ந்தது.

தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை அந்தக் கடைசிப் பொருளே வாட்டியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இங்கே பிறந்தவர்களிடமும், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்தமைக்கு ஆதாரம் கேட்டது. லயத்துக் காம்பிராவில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டின் அறையில், பிறந்து, அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களின் பிறப்புக்கு எழுத்திலே சான்று தேடுவது எத்தனை குடும்பங்களால் இயன்றிருக்கும்? நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தாங்கி நின்ற கைகளிடமே, தாம் இந்நாட்டார் என்பதற்கு ஆதாரம் கேட்கப்பட்டது.

என் அப்பாயி தகரப்பெட்டியின் அடியில், சேலை மடிப்புக்குள், பழுப்பேறிய இரண்டு தாள்களை வைத்திருந்தார். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் அரிசி மூட்டைக்கு முன்பே அந்தப் பெட்டியைத்தான் நகர்த்துவார். ஆதாரம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அந்தத் தாள்களைத்தான் "துண்டு நனஞ்சிறப் போகுது" என்பார்.