விதைநெல்லைப் போல எடுத்து வைத்த நேரம்

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணா அவர்களே, வாசிகசாலை முற்றத்தில் பாய் விரித்தும் கதிரை போட்டும் இருக்கிற எங்கள் சனங்களே, வணக்கம்.

"வன்னியில் மனம் தேற வழி ஓயாத உழைப்பா, ஒதுக்கி வைத்த ஓய்வும் மகிழ்ச்சியுமா?" இதுதான் தலைப்பு. உழைப்பின் பக்கம் நின்ற அண்ணா மூன்று விஷயம் சொன்னார். சும்மா இருந்தால் யோசனை வரும். கடன் உள்ளவனுக்கு ஓய்வு கட்டாது. இத்தனை பேரைப் பறிகொடுத்த மண்ணில் சிரிப்பு எதற்கு? இந்த மூன்றாவதில்தான் நான் கூட நேரம் நிற்பேன். எங்கள் சனத்தின் நெஞ்சுக்குள் கிடக்கிற கேள்வி அது.

முதலில் யோசனை. எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்குத் திட்டம் போடுவது என்று பொருள் இல்லை. "அவளுக்கு ஒரே யோசனை" என்றால் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று விளங்கிக்கொள்வோம். சும்மா கிடந்தால் அது கூடும். அண்ணா சொன்னது சரி. ஆனால் சும்மா கிடப்பதை நான் ஓய்வு என்று சொல்லவில்லையே! முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பதும், சாமம் வரை போனைத் தடவிக்கொண்டு இருப்பதும் ஓய்வல்ல. சாராயமும் அல்ல. அது ஆளைச் சட்டென்று நித்திரையாக்கும். பின்னிரவில் உடம்பு அதைக் கரைத்து முடிக்க நித்திரை துண்டு துண்டாக உடையும். விடிய எழும்பும்போது படுத்ததைவிடக் களைப்பாக இருக்கும்.

நான் சொல்லும் ஓய்வுக்கு ஒரு பெயரும் ஒரு நேரமும் உண்டு. 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். மனம் சோர்ந்தவர் தனக்குப் பிடித்த காரியங்களை ஒவ்வொன்றாக விடுகிறார். விட விடச் சோர்வு கூடுகிறது, சோர்வு கூட இன்னும் விடுகிறார். இந்தச் சுழலை அறுக்க, பிடித்த காரியங்களை நாள் குறித்து மறுபடி செய்ய வைப்பதே சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட, ஐந்து சந்திப்பில் முடிகிற மனநலப் பயிற்சியிலும் இது ஒரு பாடம். போரிலும் பேரிடரிலும் அடிபட்ட சமூகங்களுக்காக எழுதப்பட்ட பயிற்சி அது. பயிற்றப்பட்ட சாதாரண ஊராட்களே நடத்தக்கூடியது.

செய்வது எப்படி? ஒரு கொப்பி எடுங்கள். ஒரு கிழமைக்கு, காலை, மத்தியானம், பின்னேரம், இரவு என்று என்ன செய்தீர்கள் என்பதை ஒரு சொல்லில் எழுதுங்கள். பக்கத்தில் அது தந்த சந்தோசத்துக்கு 0இலிருந்து 10 வரை ஒரு புள்ளி. கிழமை முடிவில் பாருங்கள். போனுக்கு மூன்று மணித்தியாலம் போயிருக்கும், புள்ளி 2. வேலிக்கரையில் பக்கத்து வீட்டு அக்காவோடு பத்து நிமிடம் கதைத்ததற்கு 6. இனி அந்தப் பத்து நிமிடத்துக்கு நாள் குறிக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், ஆரோடு. நாலும் எழுதினால்தான் நடக்கும்.

பிழை விடுவது எங்கே? பெரிதாகத் தொடங்குவதில். "ஆவணியில் மடு மாதா கோயிலுக்குப் போவம்" என்று நினைத்து, வான் பிடிக்கக் காசில்லாமல் போனதும் எல்லாவற்றையும் விடுகிறோம். பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டாவது பிழை, மனம் வரட்டும் என்று காத்திருப்பது. சோர்ந்த மனதுக்கு விருப்பம் முதலில் வராது. செய்யச் செய்யத்தான் வரும். முதல் இரண்டு தடவை புள்ளி 1 என்றாலும் மூன்றாவது தடவையும் போக வேண்டும்.

போவதற்கு இடமா இல்லை? பாலைப்பழக் காலத்தில் காட்டுக்கரைக்கு நாலு பேர் சேர்ந்து போய்ப் பாருங்கள். உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டுதான் வாயில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் பிசினாக ஒட்டும். மஞ்சள் பழத்தைப் பிதுக்கி, கொட்டையைத் துப்பி, விரல் பிசுபிசுக்க அடுத்ததைத் தேடும்போது கண்ணும் கையும் வாயும் அந்தப் பழத்தில்தான் இருக்கும். அந்த நேரம் யோசனை நுழைய இடம் கிடைக்காது. கிளித்தட்டும் கரப்பந்தாட்டமும் கும்மியும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது கடன். நுண்கடன் தவணைக்காரர் கிழமைக்குக் கிழமை படலைக்கு வருகிறார் என்பது உண்மை. அதனால்தான் உடம்பைக் காக்கச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, கிழமைக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவரைவிட 35 சதவீதம் கூட என்கிறது. வயல் வேலைக்குப் போய்வந்து அடுப்பும் பார்க்கிற எங்கள் தாய்மாரின் மணித்தியாலத்தை ஆரும் எண்ணுவதே இல்லை.

காசு கேட்காத ஓய்வும் உண்டு. மத்தியான வெய்யிலில் மரநிழலில் இருபது நிமிடம் கண் மூடுங்கள். அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த நித்திரைக்குள் விழுந்து, எழும்பும்போது தலை கனக்கும். பின்னேரம் நாலுக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள், அதன் வேகம் பாதியாக இறங்கவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பவர்கள் ஆளுக்கு அரை இரவாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் நாலைந்து மணித்தியாலம் உடையாத நித்திரை கிடைக்கும். இருவரும் விடிய விடிய விழித்திருந்தால் இருவருக்கும் இல்லை. தனியாக வீடு நடத்தும் மூன்று பெண்கள் சேர்ந்து, ஞாயிறு பின்னேரம் ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க மற்ற இருவரும் இரண்டு மணித்தியாலம் வெளியே போகலாம். அடுத்த கிழமை முறை மாறும்.

இனி மூன்றாவது கேள்வி. "அவையள் இல்லாமல் போச்சு, நான் சிரிக்கிறதோ?" முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பிறகு இந்த மண்ணில் இதைக் கேளாத வீடு குறைவு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு அந்தியேட்டிக் கிரியையும் செய்ய முடியாமல் இருக்கிற தாய்க்கு, ஒரு கலியாண வீட்டில் வாய்விட்டுச் சிரிப்பதே துரோகமாகப் படுகிறது. ஊரும் பார்க்கிறது. அதுவும் விதவை என்றால் இன்னும் கூர்ந்து பார்க்கிறது. அந்தப் பார்வையை நிறுத்த வேண்டிய ஆட்கள் நாங்கள்தான், இங்கே இருக்கிற நாங்கள்.

நெதர்லாந்தில் ஸ்ட்ரோப, ஸ்கூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் துக்கத்தைப் பற்றி எழுதினார்கள். துக்கம் காக்கிற மனம் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கும், வாழ்வின் பக்கம் கொஞ்ச நேரம் போகும், திரும்பி வரும். இந்தப் போக்குவரத்துத்தான் ஆறுகிற வழி. துக்கத்திலிருந்து இடைக்கிடை ஓய்வு எடுப்பதை அவர்கள் மறதி என்று சொல்லவில்லை, துக்கம் காப்பதன் ஒரு பகுதி என்றார்கள். எங்கள் முன்னோர் இதை அறியாதவர்கள் இல்லை. செத்தவீட்டுக்குப் பிறகு வரும் எட்டுச் செலவுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் ஆட்கள் சேர்ந்து சமைத்து, செத்தவருக்குப் பிடித்த பலகாரத்தைப் படைத்து, அவருடைய பகிடிகளைச் சொல்லிச் சிரித்துத்தானே கலைந்தார்கள்! வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அழுது நேர்ந்துகொண்டு போகிற தாய், திரும்பும்போது பேரப்பிள்ளைக்குக் காப்பு வாங்கிக்கொண்டுதான் வருகிறாள். அந்தக் காப்பு வாங்குகிற ஐந்து நிமிடத்தை அவளிடமிருந்து பறிக்க வேண்டாம் என்கிறது எங்கள் அணி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, நித்திரை இல்லை, சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் பாலைப்பழமும் கரப்பந்தும் போதாது. அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

அண்ணா, எந்தக் கடன் இருந்தாலும் அடுத்த காலபோக விதைப்புக்கான விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை விற்கிறீர்கள். ஓய்வுக்கான நேரத்தையும் அப்படி முதலில் எடுத்து வையுங்கள் என்பதுதான் எங்கள் வாதம். மறுத்துப் பேச எழும்பும்போது ஒன்றுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கள். வருகிற கிழமையில் உங்களுக்கென்று எடுத்து வைத்தது எந்த நாள், எத்தனை மணி, ஆரோடு?