பக்கத்து நாற்காலியில் ஒருவர்

நேயர்களுக்கு வணக்கம்.

போலந்து நாட்டில் ஒரு யூதக் குடும்பம். பாஸ்கா பண்டிகை இரவு. ஏழு வயதுப் பையன் ஒருவனை அன்றைக்குத்தான் பெரியவர்களோடு விழித்திருக்க விட்டிருந்தார்கள். எல்லோருக்கும் திராட்சை ரசம் ஊற்றிய பாட்டி, கூடுதலாக ஒரு கோப்பையை நிரப்பி வைத்தார். யாருக்கு என்று பையன் கேட்டான். எலியா தீர்க்கதரிசிக்கு என்றார்கள். அவர் வந்து கொஞ்சம் குடிப்பார், கோப்பையையே பார்த்துக்கொண்டிரு என்றார் மாமா. பையன் கண் கொட்டாமல் பார்த்தான். ரசம் ஒரு துளி குறைந்தது போலவே அவனுக்குத் தெரிந்தது.

அந்தப் பையன்தான் சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ். வார்சாவில் 1907-இல் பிறந்தார், 1920-இல் நியூயார்க்குக்கு வந்தார், 1932-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். புரூக்ளின் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, 1947 முதல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தார். பெயர் வாங்கித் தந்த சோதனையை அங்கேதான் செய்தார்.

சோதனை ரொம்ப எளிமையானது. ஓர் அறையில் ஏழெட்டு கல்லூரி மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இரண்டு அட்டைகள். ஒன்றில் ஒரு கோடு, மற்றதில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒரு தடவைகூட யாரும் தவறுவதில்லை. ஆனால் அந்த அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷிடம் முன்பே பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள். முதல் இரண்டு சுற்று ஒழுங்காகப் போகிறது. மூன்றாவது சுற்றில் முதல் ஆள் பளிச்சென்று தவறான கோட்டைச் சொல்கிறார். அடுத்தவரும் அதையே சொல்கிறார். அதற்கடுத்தவரும் அதையே. விஷயம் தெரியாத அந்த ஒருவர் கடைசிக்கு முந்தின நாற்காலியில் இருக்கிறார். அட்டையை மறுபடி பார்க்கிறார், நெளிகிறார், சங்கடமாகச் சிரிக்கிறார். அவர் முறை வந்துவிட்டது.

இப்படிப் பன்னிரண்டு சுற்றுகள். அவற்றில் சொல்லப்பட்ட விடைகளில் சுமார் 37 விழுக்காடு கூட்டத்தோடு சாய்ந்தவை. 'மனிதன் ஆட்டு மந்தை' என்று பாடப்புத்தகங்கள் பல இந்த எண்ணோடு முடித்துக்கொள்கின்றன. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மீதி 63 விழுக்காடு? அவையெல்லாம் அத்தனை பேருக்கு எதிரே, தன்னந்தனியாக, கண் பார்த்ததை வாய் சொன்ன விடைகள். நான்கில் ஒருவர் ஒரு தடவைகூட வளையவில்லை. வளைந்தவர்களும் மந்தபுத்திக்காரர்கள் அல்லர். 'என் கண்ணில்தான் ஏதோ கோளாறு' என்று நினைத்தவர்கள் உண்டு, காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று ஒத்துப்போனவர்களும் உண்டு. ஆஷ் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசிக் கேட்டதால்தான் இது நமக்குத் தெரிகிறது.

அவருடைய மாற்றுச் சோதனைகள் இன்னும் அருமையானவை. கூட்டத்தில் ஒரே ஓர் ஆளைச் சரியான விடை சொல்ல வைத்தார். அவ்வளவுதான், தவறுகள் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கின. கூட்டத்தைவிட மோசமான தவறைச் சொல்லும் ஆளை உட்கார வைத்தபோதும் பலர் நிமிர்ந்துவிட்டார்கள். ஒருமித்த குரலில் எங்கோ ஒரு கீறல் விழுந்தால் போதும். எதிரே எத்தனை பேர் என்பதும் பெரிய விஷயமில்லை. மூன்று பேருக்கு மேல் கூட்டம் பெருத்தாலும் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை.

ஆஷின் செல்வாக்கு நீண்டது. கீழ்ப்படிதல் பற்றிய சோதனையால் உலகை உலுக்கிய ஸ்டான்லி மில்கிராம், அவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். ஆஷ் மறைந்தது 1996-இல். அதே ஆண்டு, இந்தக் கோட்டுச் சோதனையைப் பின்பற்றி 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளை இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்து அலசினார்கள். இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப, கூட்டத்துக்கு வளைந்துபோவது கூடிக் குறைந்திருந்தது.

சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சரியான விடை சொன்ன அந்தப் பக்கத்து ஆளைப் பற்றி, விஷயம் தெரியாமல் வந்தவர்களிடம் சோதனை முடிந்ததும் ஆஷ் விசாரித்திருக்கிறார். அவர் மேல் ஒரு நெருக்கம், ஒரு பாசம் வந்துவிட்டது என்றார்கள். அப்படியானால் அவரால்தான் துணிந்து சொன்னீர்களா என்று கேட்டால், இல்லை, அவர் இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்றார்கள்.

வணக்கம்.