டாஸுக்கு முன்னால் அடுப்பை அணைத்துவிடுங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் கடைவீதிப் பிரதிநிதிகளே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட வேலூர்ப் பெருமக்களே, இடம் கிடைக்காமல் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் மீதிப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மேட்ச் பார்க்க உறவெல்லாம் கூடும் நாளில் இனிப்பு வரவேண்டியது வீட்டு அடுப்பிலிருந்தா, கடைப் பெட்டியிலிருந்தா?" இதுதான் தலைப்பு. வீட்டு அடுப்புக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் மூன்று கேள்வி கேட்டார். வீட்டில் செய்தால் வீட்டுப் பெண் அடுப்படியிலேயே மாட்டிக்கொள்வாளே, சிக்ஸர் அடித்த சத்தம் மட்டும்தானே அவளுக்குக் கேட்கும் என்றார். கடைக்காரர் கைப்பக்குவம் நமக்கு வருமா என்றார். கடைசியாக, கடாயை யார் தேய்ப்பது என்றார். மூன்றாவது கேள்விக்குத்தான் கைதட்டல் அதிகம். தட்டியவர்கள் முகத்தை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி நியாயமானது ஐயா. ஆனால் அந்தக் குற்றத்தை வீட்டு இனிப்பின் தலையில் கட்டக்கூடாது. ஏழரை மணிக்கு மேட்சை வைத்துக்கொண்டு ஏழேகாலுக்குக் குலாப் ஜாமூனுக்கு எண்ணெய் காயவைக்கச் சொன்னது யார்? ஐ.பி.எல். மேட்ச் ஏழரைக்கு என்றால் ஏழு மணிக்கு டாஸ். டாஸ் போடும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும், செய்தவர் சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்குக்குள் அடங்குகிற இனிப்பை மட்டும் செய்யுங்கள். அடங்காததைத் தொடாதீர்கள். எங்கள் அணியின் கட்சி அவ்வளவுதான்.

அடங்காதது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்காட்டு மக்கன் பேடா, அதாவது கோவா உருண்டைக்குள் பருப்பு வைத்து, பொரித்துப் பாகில் ஊறவைப்பது. எதிரணி கைதட்டலாம், இதை நானே உங்களுக்குத் தந்துவிட்டேன். இனிப்பில்லாத கோவா 200 கிராமுக்கு மைதா 50 கிராம், ஒரு சிட்டிகை சோடா உப்பு, உள்ளே வைக்க முந்திரி, பாதாம், பிஸ்தா, வெள்ளரி விதை. எழுதும்போது நாலு வரிதான். மைதா குறைந்தால் எண்ணெயிலேயே பிரிந்துபோகும், கூடினால் கோலிக்குண்டு ஆகும். சோடா ஒரு சிட்டிகை மிஞ்சினாலும் உடையும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே கறுத்து உள்ளே மாவாக நிற்கும். பாகு ஆறியிருந்தால் உள்ளே இறங்காது, கொதித்துக்கொண்டிருந்தால் உருண்டை சுருங்கிப்போகும். இவ்வளவையும் ஒருவர் கவனிக்கும்போது கூடத்திலிருந்து "அண்ணி, சீக்கிரம் வாங்க, ஹாட்ரிக் பால்!" என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? பேடாவும் போகும், ஹாட்ரிக்கும் போகும். ஆகவே மக்கன் பேடாவை ஆற்காட்டிலேயே வாங்குங்கள். அது ஒன்றுக்கு மட்டும் அனுமதி.

பாயசமும் வேண்டாம். சேமியா பாயசம் இறக்கும்போது பாயசம், முதல் ஆறு ஓவர் பவர்பிளே முடியும்போது கூழ், இரண்டாவது இன்னிங்ஸில் கத்தி போட்டு வெட்டலாம். சேமியா ஊறிக்கொண்டே இருக்கும், பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும். தவிர, டம்ளரில் எதைக் கொடுத்தாலும் சிக்ஸருக்கு மச்சான் கையைத் தூக்குவார். மறுநாள் சோபாவில் எறும்பு ஊர்வலம் போகும்.

சரி, எதைச் செய்வது? நம் பக்கம் கல்யாண பிரியாணிக்குத் துணையாக வரும் பிரெட் அல்வா இருக்கிறதே ஐயா! ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதினைந்து பேருக்கு 400 கிராம் பிரெட் பாக்கெட் ஒன்று, சர்க்கரை 300 கிராம், நெய் 150 கிராம், காய்ச்சிய பால் கால் லிட்டர், முந்திரி ஒரு பிடி, ஏலக்காய் நாலு. இதில் கெட்டுப்போகிற இடம் மூன்று உண்டு.

முதல் இடம் பிரெட். முதல் நாளே வாங்கி வைத்த பிரெட்தான் நல்லது. அன்றைக்கு வந்த பிரெட்டில் ஈரம் இருக்கும், சீக்கிரம் குழைந்துபோகும். துண்டு ஒன்றை நாலாக வெட்டி நெய்யில் பொன்னிறமாக வறுக்க வேண்டும். நெய் சரியாகக் காயாமல் போட்டால் பிரெட் அத்தனை நெய்யையும் உறிஞ்சிவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்கும். நெய் காய்ந்ததா என்று பார்க்க ஓர் ஓரத்துண்டைப் போடுங்கள். உடனே சுற்றிலும் குமிழி வந்தால் காய்ந்திருக்கிறது. நெய் மட்டும் கட்டுப்படியாகாது என்றால் பாதி எண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம். ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், சொல்ல வேண்டாம்.

இரண்டாவது இடம் பாகு. 300 கிராம் சர்க்கரைக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர். சர்க்கரை கரைந்து, விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டினால் போதும். கம்பிப் பதத்துக்குப் போகவே கூடாது. கம்பி வந்துவிட்டால் அல்வா ஆறியதும் சர்க்கரை பூத்து, வாயில் நறநறவென்று அரைபடும். பிசுக்குப் பதம் வந்ததும் வறுத்த பிரெட்டைப் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, சூடான பாலை ஊற்றிக் குறைந்த தீயில் கிளற வேண்டும்.

மூன்றாவது இடம் பொறுமை. பத்து நிமிடத்தில் ஓரங்களில் நெய் கசியும். அதுதான் இறக்க வேண்டிய நேரம். அது வருவதற்குள் இறக்கினால் ஈரப் பிரெட் வாசனை அடிக்கும். வந்த பிறகும் கிளறிக்கொண்டே இருந்தால் அடி பிடிக்கும். வறுபட்ட முந்திரியைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். முன்னாலேயே வறுத்துத் தட்டில் வைத்தால் அல்வாவுக்கு முந்திரி மிஞ்சாது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களோ இல்லையோ, வீட்டுக்காரர் இருப்பார்.

மாலை ஐந்துக்கு ஆரம்பித்தால் ஆறுக்கு முடிந்துவிடும். வெதுவெதுப்பாகவும் நன்றாக இருக்கும், ஆறினாலும் கெடாது. இடைவேளை இருபது நிமிடத்தில் ஒரு கரண்டி பால் தெளித்துச் சூடு காட்டினால் மறுபடி இளகும். டாஸுக்கு முன்னால் அடுப்பு அணைந்ததா இல்லையா, சொல்லுங்கள்!

நமது ஊர் வெயிலைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தை பேசவில்லை. மே மாத வேலூரில் 40 டிகிரி தாண்டுவது செய்தியே இல்லை. லாங்கு பஜாரில் வண்டியை நுழைத்து, நெரிசலில் நின்று, பால் இனிப்புப் பெட்டியை டேங்க் மேல் வைத்துச் சத்துவாச்சாரி வந்து சேர்வதற்குள் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கும்? சில்லறையாக விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும், 2020 அக்டோபர் 1 முதல் அது விதி. நல்ல விதி. ஆனால் அந்தத் தேதி கடைத் தட்டின் முன்னால் இருக்கும். நாம் கொண்டுவந்த பெட்டிக்குள் அது வராது. கலந்து வாங்கிய பெட்டி என்றால் இன்னொரு கொடுமை. முதல் ஓவரிலேயே முந்திரிக் கேக் காலி. இருபதாவது ஓவர் வரைக்கும் ஆட்டமிழக்காமல் நிற்பது பச்சைக் கலரில் ஒன்று. அது என்ன என்று வாங்கி வந்தவருக்கும் தெரியாது.

இந்த வெயிலுக்கு ஏற்றது கடல்பாசி, அகர் அகர் என்று கடையில் கேட்பீர்களே அது. நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் வருமே, அதேதான். ஏன் இதைச் சிபாரிசு செய்கிறேன் என்றால், ஜெலட்டின் போட்ட ஜெல்லி 35 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். நம் கூடத்தில் மேசை மேல் வைத்தால் பவர்பிளே முடிவதற்குள் சர்பத். கடல்பாசி ஒருமுறை இறுகிவிட்டால் ஏறத்தாழ 85 டிகிரி வரை உருகாது. கரண்ட் போய், இன்வெர்ட்டரில் டிவியும் ஃபேனும் மட்டும் ஓடி, ஃபிரிட்ஜ் செத்துக் கிடந்தாலும் அது அசையாது. சைவக்காரர்களுக்கும் சங்கடமில்லை, கடல் தாவரத்திலிருந்து வருவது.

10 கிராம் கடல்பாசியைக் கத்தரித்து, கால் லிட்டர் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, அதே தண்ணீரோடு கொதிக்கவிடுங்கள். ஓர் இழைகூடக் கண்ணுக்குத் தெரியக்கூடாது. பக்கத்து அடுப்பில் முக்கால் லிட்டர் பால், 150 கிராம் சர்க்கரையோடு சூடாக இருக்கட்டும். சூட்டோடு சூடாக வடிகட்டி ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் ஊற்றினால், ஊற்றிய இடத்திலேயே நூல் நூலாக உறைந்துவிடும், பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்பைப் பால் இல்லாத கடல்பாசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் இறுகும் சக்தி குறைந்துவிடும்.

கோடையில் ஒரு சின்னத் தந்திரம் தேவை. கடல்பாசி இறுக 40 டிகிரிக்குக் கீழே வரவேண்டும். மத்தியான அடுப்படியே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதனால் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வையுங்கள், பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது மேல் தட்டில் வையுங்கள். கீழே வைத்தால் விரல் குழி விழும். குழிகளை எண்ணினால் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். ஒரு குழி பெரியதாக இருந்தால் அது தாத்தா.

தாத்தா என்றதும் சர்க்கரை நோய் ஞாபகம் வருகிறது. வீட்டில் செய்தால் சர்க்கரையைக் குறைத்துப் போடலாம் என்று எங்கள் அணித் தங்கையே பேசினார். பாதிதான் சரி தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. கடல்பாசியில் சர்க்கரையைப் பாதியாக்கினாலும் இறுகும், ஏனென்றால் இறுக்குவது சர்க்கரை இல்லை. தேங்காய் பர்பியில் இந்த வேலை நடக்காது. இரண்டு டம்ளர் துருவலுக்கு ஒன்றரை டம்ளர் சர்க்கரை போட்டால்தான் வில்லை விழும். ஒரு டம்ளர் போட்டால் ஸ்பூன் கொடுக்க வேண்டியிருக்கும். பர்பியை முதல் நாளே செய்துவிடலாம், அதனால் அதுவும் நம் கணக்குக்குள் வருகிறது. அரை டம்ளர் தண்ணீரில் சர்க்கரை கரைந்ததும் துருவலைப் போட்டு, ஓரத்தில் வெள்ளையாக நுரைத்துக் கடாயை விட்டுப் பிரியும்வரை கிளறி, உடனே நெய் தடவிய தட்டில் கொட்டுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தால் பொடிமாஸ். தாத்தாவுக்கு இரண்டு விரல் அகலத்தில் சின்ன வில்லையாக வெட்டுங்கள். அப்படியும் அவர் நாலு எடுப்பார், அதற்கு இந்த மன்றத்தில் தீர்வு இல்லை.

திடீரென்று காட்பாடியிலிருந்து சித்தப்பா குடும்பம் ஆறு பேரோடு வந்து இறங்கினால்? அப்போதும் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது, ஐயா. ஏனென்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மேட்ச் நடக்கும் வீட்டில் அது சட்டம். ஜோடி நிலைத்து ஆடும்போது யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாரோ அங்கேயே இருக்க வேண்டும். கால் மடக்கியவர் மடக்கியபடி, பாத்ரூம் போனவர் பாத்ரூமிலேயே. ஆயா மட்டும் கேட்பார்: "இன்னாடா, இவன் போன மேட்ச்லயே அவுட்டாயிட்டானே, மறுபடியும் வந்துகினு கீறான்?"

அந்த நேரத்துக்குக் கேசரி. இடைவேளைக்குள் முடியும். ஒரு டம்ளர் ரவையை நெய்யில் வாசனை வர வறுத்து, மூன்று டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் ஒரு கையால் தூவிக்கொண்டே மறுகையால் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி, தண்ணீர் கொதிக்காவிட்டாலும் கட்டி. ரவை முழுதாக வெந்த பிறகுதான் ஒன்றரை டம்ளர் சர்க்கரை. அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் சர்க்கரை தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், ரவை வேகாமல் நறுக் நறுக்கென்று நிற்கும். நெய் அரை டம்ளர். இரண்டாவது இன்னிங்ஸின் முதல் பந்துக்கு நீங்கள் உங்கள் இடத்தில் இருக்கலாம். கைப்பக்குவம் கடைக்காரருக்குத்தான் உண்டு என்றாரே சகோதரர், பத்துக் கிலோமீட்டர் தாண்டி வந்த கடைக் கேசரி ஆறி இறுகிக் கட்டியாக வருமே, அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டா சொன்னார்?

நடுவர் ஐயா மணிமேல் கை வைத்துவிட்டார்கள். கடாயைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். அல்வா எடுத்த கடாயைத் தேய்க்கவே வேண்டாம். சூடாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்து ஒரு கொதி விடுங்கள். பாகு தானாகக் கரைந்து விட்டுவிடும். கடல்பாசி மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய் இறுகிக்கொள்ளும். தட்டிலேயே உறையவிட்டுக் குப்பையில் போடுங்கள். யார் செய்வது என்று கேட்டார் அல்லவா? தோற்ற அணிக்கு ஆதரவு கொடுத்தவர் செய்யட்டும். மேட்ச் மழையில் நின்றுபோனால், எதிரணிச் சகோதரரின் மூன்றாவது கேள்விக்குக் கைதட்டியவர்கள் வரிசையாக வாருங்கள். முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வணக்கம்.