வண்டி எப்போது சூடாகிறது?

[காட்சி: வடபழனி சிக்னல். மே மாத மதியம். சிக்னலில் நிற்கும் வண்டிகளுக்கு மேல் காற்று அலையலையாக நடுங்குகிறது.]

வணக்கம். மூன்றாவது சிக்னலில் பைக்கோ ஸ்கூட்டரோ இருமி இருமி நின்றுவிடுகிறது. ஓரமாகத் தள்ளிக் கால் மணி நேரம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. உடனே எல்லோருக்கும் ஒரே பயம்: இன்ஜின் போச்சா? கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போது சூடாகிறதா?

முதலில், சூடு என்பதே நோய் இல்லை. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மீதி பெரும்பாலும் வெப்பம்தான். காற்றில் குளிரும் இன்ஜினின் ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்பகுதி, 150 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து சுர்ரென்றால் பயப்படாதீர்கள். இழுவை குறைவது, மேம்பாலம் ஏறும்போது டிக் டிக் என்று தட்டுவது, எரிந்த ஆயில் வாடை வருவது, இவைதான் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

கத்திரி வெயில்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் நம்முடையது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 30 டிகிரி என்றால் ஹெட்டுக்கும் காற்றுக்கும் 120 டிகிரி வித்தியாசம். வெளியே 45 ஆனாலும் 105 இருக்கிறது. வெயில் கொஞ்சம்தான் கெடுக்கிறது. உண்மையில் கெடுப்பது காற்று ஓடாமல் நிற்பது. அதனால் சிக்னலில் மட்டும் கொதித்து, நகர்ந்த சில நிமிடத்தில் தணிந்தால் அநேகமாக வண்டியில் கோளாறு இல்லை. நீண்ட சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடுங்கள், போதும்.

[காட்சி: சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவே காய்ந்த மண். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கும் கை.]

அப்படித் தணியவில்லை என்றால் ஃபின்களைப் பாருங்கள். சூட்டைக் காற்றுக்கு விடுவதற்காக சிலிண்டரைச் சுற்றி வரிசையாக நீட்டியிருக்கும் தகடுகள்தான் ஃபின்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் சேறு இந்த இடுக்குகளில் செங்கல் மாதிரி இறுகிப்போனது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்கூட்டரில் இன்ஜினைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறைதான் விசிறிக் காற்றை ஃபின் பக்கம் திருப்புகிறது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

இப்போது ஓடும்போது சூடாகும் வண்டி. முதலில் ஆயில். 100 முதல் 150 சிசி வண்டியில் மொத்தமே சுமார் ஒரு லிட்டர்தான். கால் லிட்டர் குறைந்தாலே நாலில் ஒரு பங்கு போய்விட்டது. சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் ஆயில் குச்சியைத் திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுக்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

அடுத்து, தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக். முனை செங்கல் பழுப்பாக இருந்தால் நல்லது. சாம்பல் பூத்தது மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகப் போகிறது, மெக்கானிக்குகள் லீன் என்பது இதைத்தான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு விழுந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்த புதிதில், சூடேறும் முன், அதன்மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஐடிலிங் சத்தம், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும் சத்தம், மாறினால் கசிவு அங்கேதான். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது, அதனால் பழைய கார்புரேட்டர் வண்டி முன்பைவிடக் கொஞ்சம் லீனாகவே ஓடும்.

இனி யாரும் பார்க்காத இடம். என் வண்டி ஒரு வருஷம் இப்படிச் சூடானது. இரண்டு மெக்கானிக்குகள் கார்புரேட்டரைக் கழுவினார்கள், ஆயில் மாற்றினார்கள், இன்ஜினைப் பிரித்து சிலிண்டரையே குடைந்து சரிசெய்யும் போர் வேலை பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். ஒருநாள் தாம்பரத்திலிருந்து வரும் வழியில் பல்லாவரத்தில் டீக்கு நிறுத்தினேன். பின் சக்கரத்து பிரேக் டிரம் பக்கம் கை போனதும் அனல் அடித்தது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைச் சுற்றினேன். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. வழி முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே வண்டி ஓடியிருக்கிறது. அந்தப் பாரத்தை இழுத்துத்தான் இன்ஜின் கொதித்திருக்கிறது.

[காட்சி: கையால் சுற்றும் பின் சக்கரம். பிரேக் பெடல் நெருக்கத்தில்.]

பெடலை மிதித்தால் பிரேக் ஷூவை விரித்துத் தள்ளும் சிறு துண்டுதான் கேம். டிரம்முக்குள் அது காய்ந்துபோய் ஷூ திரும்பி வரவில்லை. சுத்தம் செய்து, கேமுக்கு மட்டும் கிரீஸ் வைத்து, பெடலில் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத ஆட்டம் விட்டோம். ஷூவில் கிரீஸ் படவே கூடாது.

ரேடியேட்டர் வண்டிக்கும் அதே கேள்விதான். நெரிசலில் மட்டும் சூடானால் விசிறி ஓடுகிறதா, ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போதும் சூடானால் கூலன்ட் குறைவு, அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், பம்ப் என்று வரிசையாகப் போங்கள். சூட்டில் மூடியை மட்டும் திறக்காதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கடைசியாக என் வண்டி. பிரேக்கைச் சரிசெய்த மறுநாள் மதியம் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஓட்டினேன். இறங்கி டிரம்மைத் தொட்டேன். கை வைக்க முடிந்தது.