ஆடில வெச்ச மருதாணி

வணக்கங்க. முடி, நகம், வேர்வை மூணப் பத்தியும் பேசுங்க டாக்டர்னு ரேடியோல கூப்பிட்டிருக்காங்க. நகத்துலயே நான் நின்னுட்டா கோவிச்சுக்காதீங்க, அது எனக்கு அப்படி ஒரு கிறுக்கு.

ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தா நம்ம சேலத்துல பொம்பளப் புள்ளைங்க கைல மருதாணி இல்லாம இருக்காது. உள்ளங்கைல செவந்தது ரெண்டு மூணு வாரத்துல மங்கிடும், ஏன்னா மேல்தோல் தெனமும் உதுந்துட்டே இருக்கு, ஆனா நகத்துல ஏறுன செவப்பு மங்கவே மங்காது, நகரும். ஆமாங்க, நகரும். அடியில வெளுப்பா புது நகம் வந்து செவப்ப முன்னாடி தள்ளிட்டே போகும், மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர். தீபாவளிக்குப் பாத்தா பாதிக்கு மேல போயிருக்கும், கார்த்திகை தீபத்துக்கு நுனில ஒரு கீத்துதான். கால் கட்டைவிரல்ல வெச்சிருந்தா அடுத்த ஆடிக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இருக்கும், கால் நகம் அவ்ளோ மெதுவு.

ஏன்னா நாம பாக்கற நகம் உசுரில்லாத கெரட்டின்ங்கற புரதம். உசுரு இருக்கறது தோலுக்கு உள்ள, கட்டைவிரல்ல வெள்ளையா பிறை மாதிரி தெரியுதே, அது அந்த உசுருள்ள எடத்தோட முன் ஓரம். பெரிய காய்ச்சல் வந்தா அந்த எடம் கொஞ்ச நாள் வேலைய நிறுத்திடும், அப்புறம் நகத்துல குறுக்கால ஒரு பள்ளம் வரும். பள்ளம் அடியிலருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்கா, அப்ப உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல முன்னாடி ஒடம்பு படுத்திருக்குன்னு எங்கிட்ட காட்ட வந்த ஒரு அம்மாகிட்ட நான் சொன்னா, அவங்க என்னமோ ஜோசியக்காரனப் பாக்கற மாதிரி பாக்கறாங்க.

முடியும் அதே கதைதாங்க, வெளிய இருக்கறது உசுரில்லாதது, வேர்தான் உசுரு. டெங்கு, டைபாய்டு வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்துக்கொத்தா கொட்டும், காய்ச்சல யாரும் நெனைக்க மாட்டாங்க, தண்ணி மாறிடுச்சு, ஷாம்பு சரியில்லன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பெரும்பாலும் ஆறேழு மாசத்துல தானா நின்னுடும். சாதாரணமாவே தெனம் 50லருந்து 100 முடி கொட்டுங்க. மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்ங்கறதும் சும்மா, கத்தி வேருக்குப் போறதில்ல, வெட்டுன முனை மழுங்கலா இருக்கறதால சொரசொரன்னு தெரியுது, அவ்ளோதான். சாமிக்கு வேண்டிக்கிட்டா தாராளமா போடுங்க.

அய்யோ, நேரமாச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க. ஏற்காட்டு குளுருல ரோமம் குத்திட்டு நிக்குதே, ஒவ்வொரு ரோமத்துக்கும் ஒரு குட்டி தசை இருக்கு, அது இழுக்கற வேலை. வேர்வை... ஒடம்பு பூரா சுமாரா 20லருந்து 40 லட்சம் வேர்வைச் சுரப்பி, வெறும் வேர்வைக்கு நாத்தம் கெடையாது, அக்குள்ல இருக்கற வேற மாதிரி சுரப்பி விடற கசிவ கிருமி தின்னாத்தான் நாத்தம், அதனால சென்ட்டுக்கு முன்னாடி அக்குள நல்லா சோப்பு போட்டுக் கழுவுங்க. வரேனுங்க.